அரிக்கேன் முதல் இன்வெர்ட்டர் வரை

ஃபெஞ்சல் புயல் வந்து போன பிறகு "என்ன இன்வெர்ட்டர் வாங்கலாம்?" என்று என்னிடம் கேட்டவர்கள் ஐந்தாறு பேர் இருப்பார்கள். நான் மின்துறைக்காரன் இல்லை. முப்பத்தேழு வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு கட்டியவன். ஆனால் எதையும் நோட்டில் குறித்து வைப்பவன் என்று நண்பர்களுக்குத் தெரியும். கரண்ட் போன நாள், திரும்பி வந்த நேரம், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றிய தேதி எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டுகளைப் புரட்டியபோது புதுச்சேரி வீடுகள் இருட்டைச் சமாளித்த கதையையே எழுதிவிடலாம் என்று தோன்றியது. எந்தக் கம்பெனி நல்லது என்று மட்டும் தெரிந்துகொள்ள வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். கம்பெனிப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். கரண்ட் இல்லாத வீடு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு நிர்வாகம் கைமாறியபோது எனக்கு நாலு வயது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படி இணைப்பு முடிந்தபோது பன்னிரண்டு. இந்த இரண்டு தேதிக்கும் நடுவில் நான் மனப்பாடம் செய்த பிரெஞ்சு வினைச்சொல் வாய்பாடு அத்தனையும் அரிக்கேன் வெளிச்சத்தில் படித்ததுதான். மாலையில் ஆலைச் சங்கு ஊதினால் விளக்கு துடைக்கிற நேரம். அடுப்புச் சாம்பலைத் துணியில் தொட்டுச் சிம்னியை உள்ளே வெளியே தேய்த்து, கருகிய திரியைக் கத்தரித்து, புனல் வைத்துக் கிருஷ்ணாயில் ஊற்ற வேண்டும். மண்ணெண்ணெய் என்று புத்தகத்தில்தான் எழுதினோம். வாயில் வந்தது கிருஷ்ணாயில்தான். பெரியவர் கை சிம்னிக்குள் போகாது என்பதால் இந்த வேலை எல்லா வீட்டிலும் பையன்கள் தலையில் விழும்.

எங்கள் வீட்டுக்குக் கரண்ட் வந்தது 1963-ல். பிரெஞ்சு படித்த பெரியவர்கள் அதைக் 'கூரான்' என்பார்கள். பிரெஞ்சில் மின்னோட்டத்துக்கு அதுதான் சொல். கரண்ட்டுக்கும் கூரானுக்கும் காதில் அதிக வித்தியாசம் இல்லாததால் இரண்டும் ஒரே வீட்டில் சண்டையில்லாமல் புழங்கின. முதலில் வந்தது கூடத்தில் ஒரு பல்பு, அடுக்களையில் ஒரு பல்பு. அரிக்கேனை யாரும் தூக்கிப் போடவில்லை. ஆணியில் மாட்டினார்கள், எண்ணெய் ஊற்றி வைத்தார்கள். நேற்றுவரை வீட்டுக்கு விளக்காக இருந்தது அன்றிலிருந்து மாற்று விளக்கு ஆயிற்று. காசு கொடுத்து வாங்காத, தேர்ந்தெடுக்கவே வேண்டியிராத மாற்று அது ஒன்றுதான்.

வசதி உள்ள வீடுகளில் பெட்ரோமாக்ஸ் இருந்தது. மற்றவர்கள் கல்யாணம், காதுகுத்துக்கு வாடகைக்கு எடுப்போம். பெயரைப் பார்த்து ஆங்கிலேயர் சரக்கு என்று நினைத்திருந்தேன். ஜெர்மன் சரக்கு. பெர்லினில் இருந்த ஒரு விளக்குக் கம்பெனியின் தலைவர் மாக்ஸ் கிரேட்ஸ். பெட்ரோலியத்தில் பாதியும் அவர் பெயரும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ். ஸ்பிரிட் ஊற்றிச் சூடேற்றி, பம்ப் அடித்து, மேண்டில் பிடித்துக்கொள்ளும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். எங்கள் ஊரில் ஸ்பிரிட்டுக்கா பஞ்சம்! அந்த மேண்டில் இருக்கிறதே, அதில் ஒரு விஷயம் உண்டு. அது வெள்ளை வெளேரென்று ஒளிர்வதற்குக் காரணம் தோரியம். கன்னியாகுமரிப் பக்கம் மணவாளக்குறிச்சியிலிருந்து ஜெர்மனிக்குப் போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில் தோரியம் உள்ள மோனசைட் இருப்பதை 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் கண்டுபிடித்தார். பிறகு அந்த மணலே கப்பல் கப்பலாகப் போயிற்று, மேண்டில் செய்வதற்காக. நம் கடற்கரை மணல் ஜெர்மனி போய் நம் கல்யாணப் பந்தலுக்கே வெளிச்சமாகத் திரும்பி வந்திருக்கிறது. 1984-ல் வந்த 'வைதேகி காத்திருந்தாள்' படத்தில் கவுண்டமணியும் செந்திலும் மேண்டிலை வைத்துச் செய்த நகைச்சுவைக்கு இன்றைக்கும் சிரிக்கிறோம். மேண்டிலைத் தொட்டால் உதிர்ந்துவிடும் என்று தெரிந்த தலைமுறைக்குத்தான் அது முழுதாகப் புரியும்.

பள்ளியில் எங்களுக்கு இயற்பியலும் பிரெஞ்சில்தான். டார்ச் பேட்டரிக்கு பிரெஞ்சில் 'பீல்'. ஆசிரியர் பலகையில் மூன்று பெயர் எழுதிப் போடுவார், மூன்றும் பிரெஞ்சுக்காரர்கள் என்ற பெருமையோடு. 1859-ல் கஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டிக் கந்தக அமிலக் கரைசலில் வைத்து, திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய முதல் பேட்டரியைச் செய்தார். 1866-ல் ஜார்ஜ் லெக்லாஞ்சே செய்த மின்கலம்தான் டார்ச் கட்டையின் பாட்டன். 1881-ல் கமீய் ஃபோர் ஈயத் தகட்டின்மேல் ஈய ஆக்சைடு பசையைப் பூசி, பிளாந்தேயின் பேட்டரி அதிக மின்சாரம் கொள்ளும்படி மாற்றினார். பரீட்சைக்காகப் படித்து மறந்துவிட்டோம். நாற்பது வருடம் கழித்து இன்வெர்ட்டர் பேட்டரியின் மூடியைத் திறந்து பார்த்தால், உள்ளே இருப்பது அதே ஈயமும் அதே கந்தக அமிலமும். மின்சார உலகில் இவ்வளவு காலம் வேலையில் நீடித்த ஊழியர் வேறு யாரும் இல்லை என்று நினைக்கிறேன்.

எழுபதுகள் முடியும்வரை கரண்ட் போவதென்றால் வெளிச்சம் போவது, அவ்வளவுதான். யாரும் "புழுங்குகிறது" என்று பதறியதாக நினைவில்லை. இதற்குக் காரணம் நாங்கள் பொறுமைசாலிகள் என்பதல்ல. வீடு அப்படி. தெருப் பக்கம் திண்ணை, நடுவில் முற்றம், அதைச் சுற்றித் தாழ்வாரம், தலைக்கு மேலே பதினான்கு அடி உயரத்தில் மெட்ராஸ் ஒட்டுத் தளம். கரண்ட் போனால் பாயைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போவோம். ஆண்கள் திண்ணையிலேயே படுத்துவிடுவார்கள். கடற்காற்று இலவசம்.

எண்பதுகளில் வீடுகள் மாறின. பாகப்பிரிவினையில் முற்றம் சுவராயிற்று. திண்ணை இருந்த இடம் கடையாயிற்று, இல்லாவிட்டால் ஸ்கூட்டர் நிறுத்தும் இடமாயிற்று. ஒட்டுத் தளத்தை இடித்து, பத்தடி உயரத்தில் கான்கிரீட் போட்டார்கள். பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் இரவு முழுவதும் அதைக் கக்கும். கொசு அதிகமாகி ஜன்னலை மூடினோம். மாடியில் படுக்கத் திருட்டுப் பயம். இத்தனையும் சேர்ந்து, மின்விசிறி நின்றால் தூக்கம் இல்லை என்ற நிலைக்கு வந்து சேர்ந்தோம். மின்வெட்டு அதிகமானதால்தான் மாற்று மின்சாரம் தேடினோம் என்று பலர் சொல்கிறார்கள். பாதி உண்மைதான் அது. அரை மணி நேர மின்வெட்டைக்கூடத் தாங்க முடியாத வீடுகளை நாமே கட்டிக்கொண்டோம் என்பது மீதிப் பாதி.

அந்தக் காலத்தில்தான் எமர்ஜென்சி லைட் வந்தது. சிங்கப்பூர் போய் வந்தவர்கள் கொண்டு வந்தார்கள், பிறகு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலேயே கிடைத்தது. சூட்கேஸ் மாதிரிக் கைப்பிடி, உள்ளே விரல் நீளத்துக்குச் சற்றுப் பெரிய இரண்டு குழல் விளக்கு. கரண்ட் போன மறுநொடி தானாக எரியும். பையன் ஓடித் தீப்பெட்டி தேட வேண்டாம் என்பதே அன்று அதிசயம். ஆனால் காற்று வராது. ஒரு வருடத்தில் பேட்டரி செத்துவிடும். அதற்குள்ளும் இருந்தது பிளாந்தேயின் ஈயம்தான். கரண்ட் வந்த பிறகும் அணைக்காமல் விட்டு, முழுவதும் காலியாக்கி காலியாக்கி அதைக் கொன்றுவிடுவோம்.

தொண்ணூறுகளில் நேரு வீதிக் கடைகளின் வாசலில் ஜெனரேட்டர்கள் உட்கார்ந்தன. பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுகிற சின்ன வகை. கரண்ட் போனதும் ஒவ்வொரு கடைப் பையனும் கயிற்றை இழுப்பான். தெரு முழுக்க டடடட என்று சத்தம், நீலப் புகை. வீட்டுக்கும் ஒன்று வாங்கலாமா என்று அன்று யோசிக்காத குடும்பஸ்தன் இல்லை. என் மைத்துனர் வாங்கினார். மகன் கல்லூரிக்குப் போகும்வரை நன்றாக ஓடியது. அவன் பிரான்சுக்குப் போன பிறகு கயிற்றை இழுக்க வீட்டில் ஆளில்லை. கையில் காசு இருந்தது, டேங்கில் பெட்ரோல் இருந்தது, இருந்தும் ஐம்பத்தெட்டு வயதுக்காரர் தோள் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. அரிக்கேனுக்குப் பையன், பெட்ரோமாக்ஸுக்கு வாடகைக் கடை ஆள், ஜெனரேட்டருக்கு வாலிபத் தோள் என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கை இருந்தது. எங்கள் ஊரில் அந்தக் கைகள் பாதிக்கு மேல் பாரிசிலும் லியோனிலும் இருக்கின்றன. வீட்டில் எழுபது தாண்டிய இரண்டு பேர். கடைக்காரர் "எத்தனை வாட் சார்?" என்று கேட்பார். நீங்கள் உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியது வேறு: இதைப் பார்த்துக்கொள்ளப் போவது யார்?

ஜெனரேட்டரைப் பற்றி இன்னொன்றும் சொல்லி முடிக்கிறேன். மழைக்குப் பயந்தோ, திருட்டுக்குப் பயந்தோ அதை வீட்டுக்குள் வைத்து ஓட்டக் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தூங்குகிறவர் தூங்கியபடியே போய்விடுவார். வராந்தாவும் ஆகாது, ஜன்னலடியும் ஆகாது. அதேபோல, சேஞ்ச் ஓவர் சுவிட்ச் போடாமல் பிளக் பாயின்டில் சொருகி வீட்டுக்கு மின்சாரம் கொடுத்தால், அது வெளியே கம்பிக்கும் போகும். லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் லைன்மேன் உயிர் அதில் போகும்.

இன்வெர்ட்டர் எங்கள் வீட்டுக்கு வந்தது 1998-ல். லாரி பேட்டரி அளவுக்கு ஒரு பேட்டரி, அதன்மேல் ஒரு தகரப் பெட்டி. அது தந்த மின்சாரம் சதுர அலை. மின்விசிறி ஓடும்போது தேனீக் கூட்டில் காது வைத்த மாதிரி ஒரு ரீங்காரம். அதுவும் தாலாட்டாகப் பழகிவிட்டது. பிறகு சைன் வேவ் வந்தது, ரீங்காரம் போயிற்று. கார் பேட்டரி வகை போய், ஆழமாகக் காலியானாலும் தாங்குகிற ட்யூபுலர் பேட்டரி வந்தது. கயிறு இழுக்க வேண்டாம், தீப்பெட்டி வேண்டாம். அதனால்தான் பென்ஷன்காரர் வீடுகளில் அது ஜெயித்தது.

ஆனால் அதற்கும் ஒரு சோதனைக் காலம் வந்தது. 2008 முதல் நாலைந்து வருடம் தமிழ்நாட்டில் மின்பற்றாக்குறை எப்படி இருந்ததென்று உங்களுக்குத் தெரியும். 2012-ல் மாவட்டங்களில் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கூடப் போயிற்று. புதுச்சேரிக்கு நெய்வேலி, கல்பாக்கம் போன்ற மத்திய நிலையங்களிலிருந்து தனி ஒதுக்கீடு உண்டு. அதனால் இங்கே வெட்டு இருந்தாலும் அந்த அளவுக்கு இல்லை. நம் கொம்யூன்கள் சில தமிழ்நாட்டு ஊர்களோடு பின்னிக் கிடப்பவை அல்லவா, இரவில் பேருந்தில் போனால் எல்லைக்கல் தேவையில்லை, விளக்கைப் பார்த்தே எந்த மாநிலம் என்று சொல்லிவிடலாம். அதே 2012 ஜூலை 30, 31-ல் வட இந்திய மின்தொகுப்பு விழுந்து அறுபது கோடிப் பேர் வரை இருளில் இருந்தார்கள். தென்னகத் தொகுப்பு அதனோடு அப்போது முழுதாக இணைக்கப்படாததால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை. இணைப்பு நடந்தது 2013 டிசம்பர் 31-ல்தான்.

திண்டிவனத்தில் என் அக்கா வீடு. அங்கே இன்வெர்ட்டர் இருந்தும் விசிறி ஓடவில்லை. இரண்டு மணி நேரம் கரண்ட், இரண்டு மணி நேரம் இருட்டு என்று வந்தால் பேட்டரி எப்போது நிரம்பும்? 150 ஏ.எச். பேட்டரி முழுதாக நிரம்பப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேண்டும். அக்கா, "தம்பி, இது பேட்டரி இல்லடா, ஓட்டைப் பானை" என்று போனில் சொன்னார். கடைக்காரர் இன்னொரு பேட்டரி வாங்கச் சொன்னார். நிரம்பாத பானைக்குப் பக்கத்தில் இன்னொரு நிரம்பாத பானை. அக்கா மறுத்துவிட்டார்.

தானே புயல் 2011 டிசம்பர் 30 காலை கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரை ஏறியது. மரங்கள் விழுந்தன, மின்கம்பங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பல நாள் ஆயிற்று, கிராமங்களில் வாரக்கணக்கு. எங்கள் இன்வெர்ட்டர் முதல் நாள் மாலையோடு ஓய்ந்தது. எத்தனை பெரிய பேட்டரி வைத்திருந்தவரும் இரண்டாம் நாள் எங்களோடு சமமாகிவிட்டார். பேட்டரி மின்சாரத்தை உண்டாக்குவதில்லை, சேமித்து வைக்கிறது, அவ்வளவுதான் என்ற பள்ளிப் பாடம் அன்றுதான் தெருவுக்கே புரிந்தது.

அந்த நாட்களில் வெளிச்சத்துக்கோ காற்றுக்கோ யாரும் அழவில்லை. டிசம்பர் மாதம், குளிர்தான். அழ வைத்தது தண்ணீர். மாடித் தொட்டி காலி. ஒரு குதிரைத் திறன் மோட்டார் 746 வாட். கிளம்பும்போது அதுபோல் மூன்று நாலு மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் அதைத் தொடவே முடியாது. மினி வண்டியில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் மணிக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு தொட்டி நிரப்பினார்கள். அடி பம்பைப் பிடுங்காமல் வைத்திருந்த மூலை வீட்டு அம்மாள்தான் அந்த வாரம் எங்கள் தெருவுக்கு மகாராணி.

எங்கள் வீட்டில் இன்னொரு கவலை. என் மனைவிக்கு இன்சுலின். ஃப்ரிட்ஜை மூடியே வைத்திருந்தால் நாலு மணி நேரம் குளிர் நிற்கும், அதற்குப் பிறகு? அவளுடைய டாக்டர் சொன்ன யோசனை எந்தக் கடையிலும் விற்காதது. மண்பானைக்குள் சின்னப் பானை, இரண்டுக்கும் நடுவே ஈர மணல், உள்ளே பிளாஸ்டிக் பையில் மருந்து, மேலே ஈரத் துணி, நிழலான இடம். தண்ணீர் ஆவியாகப் போகும்போது உள்ளே குளிரும். ஃப்ரிட்ஜ் அளவு குளிர் வராது. ஆனால் திறந்து உபயோகத்தில் உள்ள இன்சுலின் வெயில் படாத மிதமான சூட்டில் சுமார் நாலு வாரம் தாங்கும் என்றும், பிரிக்காத குப்பிகளுக்குத்தான் ஃப்ரிட்ஜ் என்றும் அவர் விளக்கினார். (மருந்துக்கு மருந்து வேறுபடும். உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.) ஃப்ரிட்ஜுக்காக ஜெனரேட்டர் வாங்க நினைத்திருந்தேன். இரண்டு பானையில் அந்த எண்ணம் போயிற்று.

போன் வேலை செய்ய ஆரம்பித்ததும் பிரான்சிலிருந்து தம்பி பேசினான். 1999 டிசம்பர் கடைசியில் அங்கே அடுத்தடுத்து இரண்டு பெரும் புயல் அடித்து, முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகள் அற்றுப் போயின. "அண்ணே, அன்னைக்கு எங்களுக்கு விளக்கு இல்லாதது பெரிசா தெரியல. சூடு இல்லாம குழந்தையை வச்சுக்கிட்டு இருந்ததுதான்" என்றான். விறகு அடுப்பை எடுக்காமல் வைத்திருந்த கிராமத்து வீடுகளுக்கு நகரத்துக்காரர்கள் போய்த் தங்கினார்களாம். எங்களுக்கு அடி பம்பு, அவர்களுக்கு விறகு அடுப்பு.

பதிமூன்று வருடம் கழித்து, 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல். இது வேறு மாதிரி. காற்றை விட மழை. 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் இடுப்பளவு வெள்ளம். ராணுவத்தினர் படகில் வந்து பெரியவர்களை இறக்கினார்கள். இன்வெர்ட்டரும் பேட்டரியும் பெரும்பாலான வீடுகளில் எங்கே இருந்தன? மாடிப்படிக்குக் கீழே, தரையில், சின்ன சக்கர ஸ்டாண்டில். எல்லாம் முழுகிற்று. தானேவைப் பார்த்து, அடுத்த புயலும் அப்படித்தான் வரும் என்று பெரிய பேட்டரி வாங்கி வைத்தவர்களுக்கு அது ஒரு மணி நேரம்கூட உதவவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு குப்பை வண்டியில் போன பேட்டரிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், கேட்டவர்களுக்காக. 12 வோல்ட், 150 ஏ.எச். பேட்டரி என்றால் பெருக்கி 1800 வாட்-மணி. அதை முழுவதும் உறிஞ்சக் கூடாது, இன்வெர்ட்டரிலும் கொஞ்சம் வீணாகும். கைக்கு வருவது 1100 சொச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். இரண்டு விசிறி, இரண்டு எல்.இ.டி. குழல் என்றால் 190 வாட். ஆறு மணி நேரம் வரும். விசிறியை மட்டும் புதிய பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றினால் ஒன்றுக்கு 30 வாட்தான். அதே பேட்டரி பதினொரு மணி நேரம் ஓடும். இன்னொரு பேட்டரி வாங்குகிற காசில் இரண்டு விசிறி வாங்கினால் போதும்; மாதாமாதம் கரண்ட் பில்லும் இறங்கும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார்.

ஆக்சிஜன் செறிவூட்டி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. 2021-க்குப் பிறகு நிறையவே உண்டு. ஐந்து லிட்டர் வகை 300, 350 வாட் இழுக்கும், நிறுத்தவும் முடியாது. மேற்சொன்ன பேட்டரி அதை மூன்று மணி நேரம்தான் தாங்கும். அந்த வீட்டில் பேட்டரியை நம்பிப் படுக்காதீர்கள். கரண்டே தேவைப்படாத சிலிண்டர் ஒன்று நிரப்பிய நிலையில் கட்டில் பக்கத்தில் இருக்க வேண்டும், அதைத் திறக்கத் தெரிந்த ஒருவரும்.

லித்தியம் பேட்டரி பற்றியும் கேட்கிறார்கள். விலை ஈயத்தைவிட அதிகம். ஆனால் தண்ணீர் ஊற்ற வேண்டாம், கனம் குறைவு என்பதால் உயரத்தில் சுவரில் மாட்டலாம், சீக்கிரம் நிரம்பும், ஆயுளும் நீளம். குனிந்து மூடி திறந்து அளவு பார்க்க முடியாத முதுகுக்கு அது நல்லது. என் வயதில் பத்து வருட ஆயுளுக்குக் காசு கட்டுவது யாருக்கு லாபம் என்று மனைவி கேட்டாள். நியாயமான கேள்விதான்.

மேற்கூரை சூரிய மின்சாரம் போட்டால் கவலையே இல்லை என்று ஒரு பேச்சு. 2024-ல் வந்த மத்திய அரசுத் திட்டத்தில் மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. போடுங்கள், பில் குறையும். ஆனால் பேட்டரி சேர்க்காத சாதாரண இணைப்பு, தெருவில் கரண்ட் போன நொடியே தானும் நின்றுவிடும். உச்சி வெயில் அடித்தாலும் சரி. கோளாறு இல்லை, அப்படித்தான் அமைத்திருக்கிறார்கள், கம்பத்தில் இருக்கும் அதே லைன்மேனுக்காக. லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு முதல் மின்வெட்டில் "ஏமாற்றிவிட்டார்கள்" என்று கத்தியவரை எனக்குத் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை, அவர் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் இப்போது உள்ளது இவ்வளவு: ஒரு பேட்டரி, ஈயம்தான், தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் கடப்பாக் கல் பலகைமேல். இரண்டு புது விசிறி. டப்பாவில் தனியாக ஒரு டார்ச், கட்டைகளைக் கழற்றிப் பக்கத்தில் வைத்து. உள்ளேயே விட்டால் கசிந்து அரித்துவிடும். புயல் எச்சரிக்கை வந்ததும் தொட்டியை நிரப்புவது என் வேலை, பானை இரண்டையும் இறக்கி வைப்பது மனைவி வேலை. மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டர் சுவிட்சையும் அவள் எட்டுகிற உயரத்துக்கு இறக்கி, எது எது என்று தமிழில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எனக்கு ஏதாவது ஆனால் இருட்டில் அவள் பிரெஞ்சு படிக்க மாட்டாள்.

தண்ணீர் ஊற்ற மூன்று மாதத்துக்கு ஒருமுறை எலக்ட்ரீஷியன் தம்பி வருகிறான். அவனுக்கு வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு தொகை கொடுத்துவிடுகிறேன். வெறும் கையோடு அனுப்பினால் அடுத்த முறை வரமாட்டான். பிரான்சிலிருந்து மகன் அது வீண் செலவு என்கிறான். நோட்டில் தேதி குறித்தாயிற்று. பொங்கல் கழித்து வருவான்.